மரத்தில் ஒரு படம் – 7: கல் திருப்பாத எழுத்தை மரம் திருப்புகிறது

சென்ற வாரம் ஃபெவிகால் தடவிய பலகையில் ஜெராக்ஸ் தாளைக் குப்புற ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டதோடு நின்றது. இங்க்ஜெட் பிரதி உதவாது, டோனர் பிரதிதான் வேண்டும் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் தின்னர் முறை என்று அறிவிப்பு வந்திருந்தது. அதற்கு மாதிரியாக ஒரு படம் வேண்டியிருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தின்னர் டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை அவை சொல்கின்றன. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

அங்கே போகிறவர்கள் பலர் அந்தச் சுவரைச் செல்போனில் படமெடுத்து வருகிறார்கள். அதில் நாலு வரியை ஒரு பலகையில் ஏற்றிக் கூடத்தில் மாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இங்கே ஒரு பள்ளம் உண்டு. தாளைக் குப்புற ஒட்டுகிறோம். அதனால் இடது வலதாகிவிடும். இன்றைய தமிழாக இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். கண்ணாடியில் காட்டினாலும் உருவம் மாறாமல் நிற்கிற எழுத்துகள் நம்மிடம் மிகக் குறைவு: ப நிற்கும், ஃ நிற்கும். மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். பத்தாம் நூற்றாண்டு எழுத்தோ பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாதது. கல்வெட்டு திரும்பிக் கிடப்பது தெரியாமலே அந்தப் பலகை பல வருடம் வீட்டில் தொங்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எழுந்து வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கல்வெட்டுத் துறையினரும் சுவரிலிருந்து தாளுக்குத்தான் எழுத்தை மாற்றுகிறார்கள். சுவரோடு தாளை ஒட்டித்தான் எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் அவர்கள் எடுக்கும் படியில் எழுத்து ஏன் திரும்புவதில்லை?

மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. முதலில் சுவரைத் தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தம் செய்கிறார்கள். நனைத்த தாளைக் கல்லின் மேல் பரப்பி ஒட்டுகிறார்கள். மயிர் அடர்ந்த கனத்த தூரிகையால் தாளின் மேல் தட்டிக்கொண்டே வருகிறார்கள். உளி வெட்டிய ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் தாள் இறங்கி உட்காருகிறது. ஈரம் பாதி வற்றியதும் துணி சுற்றிய மையொற்றியைக் கறுப்பு மையில் தொட்டு, மேலாக ஒற்றுகிறார்கள். கல்லின் மேடான பரப்பு கறுக்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் எழுத்தை மை தொடுவதில்லை. தாள் காய்ந்ததும் உரித்தால் கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து, இடமிருந்து வலமாக, கல்லில் உள்ளபடியே.

கல்லிலிருந்து ஒரு சொட்டு மை கூடத் தாளுக்கு வரவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். கல் உருவத்தை மட்டும் கொடுத்தது. மை வந்தது நம் பக்கத்திலிருந்து. படிப்பவர் நிற்கிற அதே பக்கத்திலிருந்து மை வந்தால் எழுத்து திரும்பாது. மை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு, முகத்தோடு முகம் வைத்துத் தாவினால் திரும்பும். மரத்தில் படம் ஏற்றுகிற எல்லாருக்கும் இந்த ஒரு கணக்கு போதும்.

இதை வைத்துக்கொண்டு மற்றக் கலைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே பெயர். மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சு கொடுத்த பிறகு, கோட்டுப்படத்தை அதன் மேல் மாற்ற வேண்டும். அதற்குப் பழைய வழி, தாளில் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மேலே கரித்தூள் பொட்டலத்தைத் தட்டுவது. தூள் துளை வழியாக நேராக இறங்குகிறது. படம் திரும்புவதில்லை. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சில் மெல்லிய தாளில் வரைந்த படத்தைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குகிறார்கள். பலகையில் படம் திரும்பிவிடுகிறது. அந்தப் பலகையிலிருந்து அச்சிடும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடுகிறது. சிவகாசியின் ஆஃப்செட் காலண்டரும் இப்படித்தான். தகட்டில் நேர், ரப்பர் விரிப்பில் தலைமாற்று, தாளில் மறுபடி நேர். இரண்டு தாவல் நேராக்கும். நம் பலகை வேலையில் இருப்பது ஒரே தாவல்.

ஒரே தாவல் என்றதும் ஜெராக்ஸ் பிறந்த கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் உதவியாளர் ஓட்டோ கோர்னியும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். சில்லை எடுத்துவிட்டு லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி ஊதினார்கள். தகட்டில் எழுத்து நின்றது. அதை மெழுகுத்தாளை அழுத்தி எடுத்துச் சூடுகாட்டிப் பதித்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸே ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்குத் தூளை மாற்றிய வேலைதான். இன்றைய டோனரும் தூள்தான், நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். ஃபெவிகால் பிடித்துக்கொள்வது அந்தப் பிளாஸ்டிக்கை. தாள் நார் நனைந்து உதிர்ந்த பிறகும் படம் மரத்தில் நிற்பது அதனால்தான்.

இனிப் பலகைக்கு வருவோம். ஜெராக்ஸ் எந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. தாளில் வெள்ளையாக இருக்கிற இடத்தில் மரம் தெரியும். மைப்படி போலக் கறுப்புத் தரையில் எழுத்து வேண்டுமென்றால், செல்போனிலேயே நிறத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்; எழுத்துகள் மரத்தின் நிறத்திலேயே துலங்கும். வெப்பாலை போன்ற வெளிர் மரத்தில் அது மிக அழகு. ஆனால் கறுப்புப் பரப்பு பெரிதாக இருப்பதால், ஒரு இடத்தில் பசை பிடிக்காவிட்டாலும் சொட்டையாகத் தெரியும். முதல் முறை செய்கிறவர்கள் வெளிர் தரையில் கறுப்பு எழுத்தாகவே எடுத்துக்கொள்வது நல்லது. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய இடத்தில் கரி தடவி எழுத்தைக் கறுப்பாக்குவார்களே, மையாடல் என்று, அந்தத் தோற்றம் கிடைக்கும். குடவோலைக் கல்வெட்டுக்கு ஓலையின் தோற்றம் பொருந்தாமல் போகுமா?

பலகையை 220 எண் உப்புத்தாளால் இழையோட்டம் பார்த்துத் தேய்த்து, தூசி போகத் துடைக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் "மிரர் போட்டுக் கொடுங்க" என்றால் போதும். கல்வெட்டு வரிகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் "உத்திரமேரூர்" என்று இன்றைய தமிழில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் சாட்சி. தாளில் அந்தப் பெயர் திரும்பித் தெரிந்தால் பலகையில் நேராக வரும். கண் பழகாத எழுத்துக்குக் கண் பழகிய எழுத்தைக் காவல் வைப்பது இது.

ஃபெவிகாலை மெல்லிய ஒரே பூச்சாகத் தடவி, தாளைக் குப்புற வைத்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் ஈரத்துணியால் ஒற்றி, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரி திரியாக வரும். சாதாரண ஃபெவிகால் தண்ணீரில் இளகும். அதனால் தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலம் போலத் தெரிவது மிச்சமிருக்கும் தாள் நார். இன்னொரு முறை தேயுங்கள். கடைசியில் வார்னிஷ் ஒரு கை பூசினால் எஞ்சிய நாரும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தின்னரும் இஸ்திரிப் பெட்டியும் அடுத்த வாரம் கட்டாயம். ஒரு வெளிர் மரத்துண்டு, டோனர் பிரதி இரண்டு, பஞ்சு, காற்றோட்டமான இடம் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

அதற்குள் படமெடுக்க உத்திரமேரூர் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுவரில் சாக்பீஸோ மாவோ தடவாதீர்கள். மைப்படி எடுத்துப் பார்க்கவும் முயல வேண்டாம்; அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால், வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். தொடாமல் எடுத்த அந்தப் படமே பலகைக்குப் போதும்.