போகிக்குத் தப்பிய மூலைகள்!

மார்கழி கடைசி வாரம் வந்துவிட்டால் இளம்பிள்ளைப் பக்கம் வீடுகளில் அம்மாக்களின் ராஜ்ஜியம்தான். ஒட்டடைக்குச்சி, சுண்ணாம்பு வாளி, பழைய வேட்டித் துணி சகிதம் யுத்தம் ஆரம்பமாகிவிடும். “ஆபீஸ்ல அர்ஜென்ட் வேலைம்மா...” என்று நழுவப் பார்க்கிற மகனும் தப்ப முடியாது. “நீதான் நெட்டையா இருக்கறே, பரண் மேல ஏறுடா!”

இந்தக் கொடுமை நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான்காரர்கள் டிசம்பர் கடைசியில் வீடு, ஆபீஸ் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஈரானில் மார்ச் மாதப் புத்தாண்டுக்கு முன்னால் நடக்கிற இந்த வேலைக்குப் பெயரே ‘வீட்டை உலுக்குதல்’!

ஆனால், எல்லா ஊரிலும் ஒரே கதைதான். விருந்தாளி கண்ணில் படுகிற இடமெல்லாம் பளபளக்கும். படாத இடம்? ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!’ வில்லங்கம் குடியிருப்பது அங்கேதான்.

தறிக்குழி

இளம்பிள்ளை சேலைக்குப் பேர்போன ஊர். குழித்தறி போட்ட வீடுகளில், நெய்கிறவர் கால் வைக்கிற குழிக்குள் நூல் பிசிறு, தூசு, பீடித்துண்டு எல்லாம் சேர்ந்திருக்கும். இருட்டும் உண்டு. பகலில் ஒதுங்க இடம் தேடுகிற கொசுவுக்கு ஏ.சி. ரூம் மாதிரி! பொங்கலுக்குத் தறி ஓய்வெடுக்கும்போது குழியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். விசைத்தறி என்றால், மோட்டார் மேலும் ஸ்விட்ச் போர்டு மேலும் படிந்த பிசிறைக் கவனியுங்கள். ஒரு தீப்பொறி போதும். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

ஃப்ரிட்ஜின் முதுகு

முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி அழகு பார்க்கிற நாம், பின்பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறோமா? பல ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும். உள்ளே உருகுகிற தண்ணீர் அதில்தான் வந்து நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது; இப்படி நிற்கிற நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க அதற்கு ஏழெட்டு நாள் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டைத் துடைத்துக் காயவிடுங்கள்.

தொட்டியும் டிரம்மும்

2017-ல் டெங்கு சேலம் மாவட்டத்தை ஆட்டிப் படைத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காய்ச்சலைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது. அதனால் கொசுவைத் தடுப்பதுதான் முதல் வைத்தியம். ‘தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டோமே’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்! ஆகவே கொட்டினால் போதாது. பிரஷ் போட்டு உட்சுவரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிறகு இறுக்கமாக மூட வேண்டும்.

பாத்ரூம்

இங்கே ஆர்வக்கோளாறுதான் ஆபத்து. ‘பிளீச்சிங் பவுடரும் போட்டு, ஆசிட்டும் ஊத்தினா டபுள் சுத்தம்’ என்று கணக்குப் போடுகிற புத்திசாலிகள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் ஏவியது இதே வாயுதான்! கதவைச் சாத்திக்கொண்டு குட்டி உலகப்போர் நடத்தாதீர்கள். ஏதாவது ஒன்று போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுப்புக்குக் கீழே

மேடை மின்னும். அதன் கீழே கேஸ் டியூப் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும். துடைக்கிற சாக்கில் அதில் அச்சடித்த தேதியையும் பாருங்கள். ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். வெடிப்பு தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சன்ஷேடு

நம்ம பக்கம் பொங்கலுக்கு முன்னால் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவோம். அதற்கு ஏணி போடும்போது இரண்டு படி கூட ஏறி சன்ஷேடு மேலே பாருங்கள். உடைந்த பூந்தொட்டி, பெயின்ட் டப்பா, பழைய டயர்... வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் இன்னும் அதில் நின்றுகொண்டிருக்கலாம்!

இறக்கியதை எரிக்காதீர்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடுமாறின. டயர் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். பழைய இரும்புக் கடையில் போட்டால் டீச் செலவுக்காவது ஆகும்.

கடைசியாக ஒரு சங்கதி. போகி வருஷத்துக்கு ஒருமுறை. ஏடிஸுக்குக் காலண்டர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம், டிரம்மையும் ஃப்ரிட்ஜ் தட்டையும் மட்டும் தேய்த்துவிட்டு டி.வி. முன்னால் உட்காருங்கள்.

கல்யாணமாகாத இளைஞர்களுக்குக் கூடுதல் தகவல்: பெண் வீட்டார் ஹாலைத்தான் பார்ப்பார்கள். கட்டிக்கொண்டு வருகிறவர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் பார்ப்பார்!