தட்டு காலியாகாத தகாலி சாப்பாடு

காட்மாண்டுவில் மதியம் பசித்தால், 'தகாலி' என்று பலகை மாட்டிய எளிய சாப்பாட்டுக் கடைக்குள் தைரியமாக நுழையலாம். தட்டின் நடுவில் சோறு. சுற்றிலும் பருப்பு, கீரை, காய்கறி, ஊறுகாய். சோறும் பருப்பும் தீரத் தீர மறுபடி பரிமாறுவார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது. இறைச்சிக்கு மட்டும் பெரும்பாலும் உண்டு.

ருசியின் சூட்சுமம் பருப்பில் இருக்கிறது. கறுப்பு உளுந்தை வேகவைத்து, நெய்யில் ஜிம்பு தாளித்துக் கொட்டுகிறார்கள். இமயமலையின் உயரத்தில் விளையும் வெங்காய இனத்து இலை அது. காய்ந்த அந்த இலை சுடுநெய்யில் விழுந்ததும் பூண்டு வாசனை கிளம்பும் பாருங்கள், பாதிப் பசி அதிலேயே ஏறிவிடும்! ஊறுகாயில் சேரும் திமுர் என்ற மசாலாப் பொருள், நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும். கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய குந்த்ருக் கிடைத்தால் விடாதீர்கள்.

தகாலி மக்கள் முஸ்தாங் மாவட்டத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். திபெத்து உப்பு தெற்கே இறங்கிய, தானியம் வடக்கே ஏறிய வணிகப் பாதை அது. அங்கே வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்திச் சோறு போட்டவர்களின் கைப்பக்குவம்தான் பின்னர் பொக்காராவுக்கும் காட்மாண்டுவுக்கும் வந்து சேர்ந்தது. சோறு வேண்டாம் என்பவர்கள் டிண்டோ கேட்கலாம். கேழ்வரகு மாவிலும் அதைக் கிண்டுவார்கள், நம் களியேதான்.