பாலம் மீண்டது 46 நாளில். ஊர் மீள்வது எப்படி?

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய புயலில் தனுஷ்கோடி கடலுக்கு இரையானது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மூழ்கியது. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை பெயர்ந்து கடலில் விழுந்தன.

ரயில்வேயில் சேர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதன் பின்கதை ஒரு பாடமாகவே சொல்லப்பட்டது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, 46 நாளில் பாலத்தை மறுபடியும் நிறுத்தினார்கள். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 2025-இல் பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது.

ஆனால் தனுஷ்கோடி? வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது அறிவித்ததுதான். சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. ரயில் இன்றும் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. இரும்பை மீட்க எங்களைப் போன்றவர்கள் போதும். ஊர் மீள்வதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதை, நாம் பிழைக்க வந்த இந்த ஒடிஷா மண்ணில்தான் நான் கண்டுகொண்டேன்.

1999 அக்டோபர் 29

அன்று பாராதீப் அருகே கரையேறிய சூப்பர் சைக்ளோனை, இங்கே பல ஆண்டுகளாக இருக்கும் நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கரையேறிய பிறகும் நகராமல் ஒரு நாளுக்கு மேல் நின்று கொட்டித் தீர்த்தது. கடல் நீர் பல மைல் தூரம் ஊருக்குள் புகுந்தது. மாண்டவர் அரசுக் கணக்குப்படியே சுமார் 10 ஆயிரம் பேர். அதில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். எரசமா வட்டாரத்தில் பல கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின.

அப்போது நான் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியில் இருந்தேன். தண்டவாளத்தின் மேல் விழுந்த மரங்களை அறுத்து எடுத்தோம். ஜல்லி அரித்துப்போன இடங்களில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் பாதையைச் சரிசெய்த கேங்மேன்கள் சிலருக்கே திரும்பிப் போக வீடு இல்லை. கடலோரக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவரிடம், முன்னெச்சரிக்கை வரவில்லையா என்று கேட்டேன். "ரேடியோ சொன்னது பாபு. ஓடு ஓடு என்றது. எங்கே ஓடுவது என்று சொல்லவில்லையே!" என்றார்.

அவர் சொன்னதில் முழு உண்மையும் அடங்கியிருந்தது. புயல் வருவது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அன்று ஒடிஷாக் கரை முழுவதற்கும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியிருந்த 23 புயல் பாதுகாப்பு மையங்கள்தாம் இருந்தன. அவற்றில் ஒதுங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்தார்கள். மற்றவர்களுக்கு மண் சுவரும் ஓலைக் கூரையும்தான் கதி.

என்ன மாறியது?

நாட்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல்தான் வந்தது. ஒடிஷாவோ 1999 இறுதியிலேயே இதற்கென ஓர் ஆணையத்தை அமைத்துவிட்டது. அதன்பின் கரையோரம் நெடுக 800-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. தூண்கள் மேல் நிற்கும் உறுதியான கட்டடம். கீழ்த்தளம் திறந்த வெளி. கடல் நீர் மோதி நிற்காமல் புகுந்து ஓடிவிடும். முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் ஏறுவதற்குச் சாய்தளம் உண்டு.

கட்டடத்தைவிட நான் மெச்சுவது அதை வைத்திருக்கும் முறையைத்தான். புயல் இல்லாத நாளில் பல மையங்களில் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆகவே சுவரும் கூரையும் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. பராமரிப்பது கிராமத்தாரே அடங்கிய ஒரு குழு. முதலுதவி, மீட்பு, எச்சரிக்கை என்று இளைஞர்கள் பிரிந்து பயிற்சி பெறுகிறார்கள். ஊரில் கர்ப்பிணி யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், தனியாக வாழும் மூதாட்டி யார் என்று அவர்களுக்குத் தெரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே ஒத்திகையும் நடக்கிறது.

2013 அக்டோபர் 12-இல் கோபால்பூர் அருகே பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். பின்தொடர்ந்த வெள்ளத்தையும் சேர்த்து, ஒடிஷாவில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. 2019 மே 3-இல் புரியைத் தாக்கிய ஃபானி புயலுக்கு முன் 12 லட்சம் பேர் இடம் மாறினார்கள். இறந்தவர்கள் 64 பேர். ஒவ்வோர் உயிரும் பெரிதுதான். ஆனாலும் 10 ஆயிரம் எங்கே, 64 எங்கே!

இயற்கையின் பங்கையும் சொல்ல வேண்டும். கேந்திரபாடா மாவட்டத்தில் அலையாத்திக் காடு அகலமாக இருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில், 1999-இல் உயிரிழப்பு குறைவு என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபானியில் சுமார் 5 லட்சம் வீடுகள் சேதமாயின. புரிப் பக்கத்தில் கத்திரி வெயிலில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? உயிரைக் காக்கக் கற்றாகிவிட்டது. பிழைப்பைக் காப்பது இன்னும் பாக்கி.

ஒரு ரயில்வே விதி

மழைக்காலத்தில் இரவுதோறும் பாதையைக் கண்காணிக்க எங்கள் பேட்ரோல்மேன்கள் விளக்கோடு நடப்பார்கள். ஒருவர் தன் எல்லை வரை நடந்து, எதிரே வருபவரைச் சந்தித்து, இருவரும் பேட்ரோல் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிராளி வரவில்லை என்றால்? திரும்பிவிடக் கூடாது. அவரைக் காணும் வரை மேலே நடக்க வேண்டும். வராததற்குக் காரணம் பாதை உடைந்ததாக இருக்கலாம். அவரே ஆபத்தில் இருக்கலாம்.

ஒடிஷாக் கிராமங்கள் மீண்டதன் ரகசியம் இந்த விதிதான் என்று எனக்குப் படுகிறது. 'யார் வரவில்லை' என்று எண்ணிப் பார்க்கவும், வராதவரைத் தேடிப் போகவும் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

நம்மைத் தேடி வரப்போவது யார்? இதை நம் சங்க அன்பர்கள் யோசிக்க வேண்டும். ஒலிபெருக்கி ஒடியாவில் பேசும். ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அது புரியாது. வாடகை வீட்டில் இரண்டு ஆண்டு இருந்தும் எதிர்வீட்டார் பெயர் தெரியாதவர்கள் நம்மில் உண்டு.

வந்தேறிகளுக்கு இது முடியாத காரியம் அல்ல. 2020-இல் இந்தியாவிலேயே முதல்முறையாக யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் பெற்ற இரண்டு ஊர்களும் ஒடிஷாவில்தான் இருக்கின்றன. ஒன்று கஞ்சாம் மாவட்டத்து வெங்கட்ராய்பூர். மற்றது ஜகத்சிங்பூர் மாவட்டத்து நோலியாசாஹி. நோலியா என்பது தெலுங்கு நாட்டிலிருந்து வந்து இக்கரையில் குடியேறிய மீனவர்களுக்கு வழங்கும் பெயர். பேரழிவு கண்ட அதே மாவட்டத்தில், அவர்கள் பெயரைத் தாங்கிய ஊர் இன்று நாட்டுக்கே முன்மாதிரி.

புயல் அடித்த பின் அரிசியும் துணியும் திரட்டுவதில் நம் சங்கங்கள் குறை வைத்ததில்லை. இனி புயலுக்கு முன்பே ஒரு வேலை செய்வோம். பேட்டைவாரியாக நம் குடும்பங்களின் பட்டியலை எழுதுவோம். தனித்திருக்கும் முதியவர் பெயருக்கு எதிரே, அவரைத் தேடிப் போகப் பொறுப்பேற்பவர் பெயரையும் எழுதுவோம். அருகில் உறுதியான கட்டடம் எது என்று குழந்தைகளுக்கும் காட்டி வைப்போம். பக்கத்து வீட்டு ஒடியாக் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேசிப் பழகுவோம். முதலில் கதவைத் தட்டப் போவது அவர்கள்தான். ஆண்டுதோறும் அக்டோபர் 29-ஆம் தேதியை ஒடிஷா பேரிடர் ஆயத்த நாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்த நாளில் நம் பட்டியலையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டால் போதும்.