சிறுகுறிஞ்சா இலையும் நீரிழிவின் முன்நிலையும்



ஊர் சென்று முசஃபாவுக்குத் திரும்புவோரின் பெட்டிகளில் பலகாரங்களோடு சிறுகுறிஞ்சா இலைத்தூளும் குளிசைப் புட்டிகளும் வந்து சேர்கின்றன. "சீனி சற்றுக் கூடுதல், நோய் இன்னும் இல்லை" என்று வைத்தியர் கூறக் கேட்டவர்கள் பலர் இவற்றை நாடுகின்றனர். இவ்விலை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை குளுக்கோசு இருப்பின், அதனை நீரிழிவின் முன்நிலை என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்துள்ளது. 126ஐ எட்டி, மறுசோதனையும் அதனை உறுதிசெய்தால் அது நீரிழிவு.

சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் வாயிலிடும் சீனி மணல்போலத் தோன்றும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் தடுப்பதே காரணம். நா அறியாததால் உண்ட சீனி இல்லாமற் போய்விடுவதில்லை.

1990ஆம் ஆண்டு சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவு நோயாளர் 22 பேர் தம் வழமையான மருந்தோடு இவ்விலைச் சாற்றை நாள்தோறும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். ஐவர் மருந்தை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் ஆய்வு சிறியது. அவர்கள் முன்நிலையினரும் அல்லர்.

முன்நிலையினருக்கு உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் பங்குகொண்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைச் சீராக்கி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்தோரில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது.

இலைக்குளிசையை நீரிழிவு மருந்தோடு சேர்த்து உட்கொண்டால் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். ஈரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியுள்ளது. மூலிகை எனப் பெயரிட்ட சில குளிசைகளில், சொல்லாமற் கலந்த நீரிழிவு மருந்துகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஆகவே வைத்தியரிடம் செல்கையில் புட்டியையும் கொண்டு செல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாணவர்களே, கடல்கடந்து உழைக்கும் பெற்றோரின் உடல்நலமே குடும்பத்தின் முதல். வெயில் தணிந்தபின் அவர்களை அழைத்துக்கொண்டு ஷாபியாத் தெருக்களில் அரைமணி நேரம் நடவுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டச் சொல்லுங்கள். இலை துணையாகலாம், நடைக்கும் உணவொழுக்கத்துக்கும் அது ஈடாகாது.