ஆகாயத்தில் எறும்பும் யானையும்

திருவெறும்பூர்க் குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் எறும்பீசுவரரைத் தரிசித்தவர்கள் அந்த ஸ்தல புராணத்தை அறிவார்கள். தேவர்கள் எறும்பு வடிவில் பூஜை செய்ய வந்தார்களாம். லிங்கத்தின்மீது ஏற முடியாமல் வழுக்கி விழுந்தார்களாம். சுவாமி மனமிரங்கித் தம் திருமேனியையே ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தாராம்.

இந்தப் புராணத்துக்கும் ஜெர்மன் விமானக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது.

அதே திருவெறும்பூரில் 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு பெரிய கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. அங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் உத்தியோகம் பார்ப்பது இன்று அதிசயமல்ல. பேரன் பிறந்தான் என்ற செய்தி வந்ததும் பாட்டியும் தாத்தாவும் பெட்டி கட்டுகிறார்கள்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய கட்டடம் 2024-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பறக்கலாம். ஆனால் ஐரோப்பியக் கம்பெனி விமானம் வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குத்தான் போகவேண்டும். அங்கே நடுநிசிக்குப் பின் லுப்தான்ஸா விமானம் கிளம்பி, ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் பிராங்பர்ட் சேர்கிறது. 1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் விமான மார்க்கம் தொடங்கியபோது, லண்டனிலிருந்து கராச்சி வருவதற்கே ஏழு நாள் ஆயிற்று. அதிலும் நடுவழியில் கொஞ்ச தூரம் ரயில், கொஞ்ச தூரம் கடல் விமானம்!

விமானத்தில் உபசாரத்துக்குக் குறைவில்லை. சைவ போஜனம் வேண்டுவோர் ஒரு நாள் முன்னதாகவே சொல்லி வைப்பது உத்தமம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்குச் சக்கர நாற்காலி, கட்டணமின்றிக் கிடைக்கும்; இரண்டு நாள் முன்பே கேட்டுவிட வேண்டும். மலிவான டிக்கட்டில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் ஒளிந்திருக்கலாம். அதைக் கவனித்து வாங்குவது நலம்.

அடுத்தது, 'மைல்ஸ் அண்ட் மோர்' என்ற திட்டம். 1993-ல் தோன்றியது. பறக்கப் பறக்க நம் கணக்கில் மைல்கள் சேரும்; போதிய மைல் சேர்ந்தால் இனாம் டிக்கட். எறும்பு அரிசி சேர்ப்பது போலத்தானே என்று தோன்றும். ஆனால் 2018 முதல் இந்த மைல், பறந்த தூரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. டிக்கட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒரே விமானத்தில், ஒரே தூரம் போகிறார்கள். கம்பெனிச் செலவில் முன் வரிசையில் சாய்ந்திருப்பவருக்கு மைல் மலையாகக் குவிகிறது, சேமிப்பைக் கரைத்துப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குக் கைப்பிடி. அதையும் காலத்தில் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். இனாம் டிக்கட்டுக்கும் வரி முதலிய கட்டணங்கள் உண்டு! ஆக, இது யானைகளுக்கு வைத்த விருந்து. எறும்பு இதை நம்பி அதிக விலை கொடுத்து டிக்கட் வாங்கலாகாது.

அப்படியானால் எறும்புக்குச் சாய்ந்து கொடுப்பவர் யார்? சட்டம்தான். ஐரோப்பிய யூனியன் 2004-ல் இயற்றிய 261-ம் எண் விதிப்படி, மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணத்தில், கம்பெனியின் பொறுப்பிலுள்ள காரணத்தால் விமானம் நாலு மணிக்கு மேல் தாமதித்துச் சேர்ந்தால், தலைக்கு 600 யூரோ நஷ்டஈடு. புயல் போன்ற காரணங்களுக்கு இது இல்லை. ஆனால் காத்திருக்கும்போது சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஜாகையும் தரவேண்டும். சென்னையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனி விமானத்தில் போனால் இந்த உரிமை உண்டு. வளைகுடாக் கம்பெனி வழியாகப் போனால் போகும்போது கிடையாது. பிராங்பர்ட்டிலிருந்து புறப்படும்போதோ எந்தக் கம்பெனியானாலும் உண்டு.

முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் அந்த 600 யூரோ ஒன்றே. மைல் எத்தனை என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் வாய் திறந்து கேட்காதவருக்கு அது தானாக வந்து சேர்வதுமில்லை. ஆகவே டிக்கட்டையும் விமானச் சீட்டையும் ஊர் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள். சுவாமி சாய்ந்து கொடுத்தாலும், ஏறவேண்டியது எறும்புதானே!