துரைமாரை அசைத்த கேலிப் பாட்டு

ரப்பர் தோட்டத்து நாள்களில் கங்காணியையும் துரையையும் நேருக்கு நேர் எதிர்த்துப் பேச நம்மவர்களுக்கு ஏது வழி? ஆனால் கேலி செய்து பாட்டுக் கட்ட யாரைக் கேட்க வேண்டும்! ஒருத்தி அடியெடுத்துக் கொடுத்தால் நிரை முழுவதும் சிரிக்கும். அந்தப் பழைய ஆயுதம்தான் 2015-இல் உலகப் பெருங்கம்பெனி ஒன்றைப் பதில் சொல்ல வைத்தது.

சம்பவம் நடந்த இடம் தமிழ்நாட்டின் கொடைக்கானல். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றை 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்து வந்து அங்கே நிறுவினார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. யூனிலீவரின் இந்தியக் கிளைதான் அது. லக்ஸ், டவ் சோப்புகளின் சொந்தக்காரர்கள் என்றால் நம் தாய்மார்களுக்குச் சட்டென விளங்கும்.

2001-இல், பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடப்பதை ஊரார் கண்டார்கள். அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் அங்கே உழைத்தவர்களின் கதி? பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. தக்க பாதுகாப்பின்றி வேலை வாங்கினார்கள், உடுத்திய துணியோடு நஞ்சு வீடு வரை வந்தது என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. யாருக்கும் தீங்கு இல்லை என்றது கம்பெனி. 2006-இல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது.

துணியோடு வீட்டுக்கு வரும் மருந்து வாடையை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? குளுவாங்கிலும் சிகாமட்டிலும் முதுகில் பம்பு சுமந்து பாராகுவாட் அடித்த பெண்களைக் கேட்டால் தெரியும். மலேசிய அரசு 2002-இல் அதற்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுதாக நிறுத்தியது.

கொடைக்கானலுக்குத் திரும்புவோம். 2015 ஜூலையில் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப், அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான மெட்டில் ஓர் எள்ளல் பாட்டைப் பாடி இணையத்தில் விட்டார். ஆட்டமும் பாட்டமும் வேடிக்கை, வார்த்தைகளோ சாட்டை! பல லட்சம் பேர் பார்த்தார்கள். கம்பெனியின் உலகத் தலைவர் பால் போல்மேனே வாய் திறக்க நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம் தரும் உடன்பாடு கையெழுத்தானது. அப்போதும் கம்பெனி தவற்றை ஒப்பவில்லை. மனிதாபிமானத் தொகை என்றுதான் சொன்னது. பாட்டு மட்டுமே இதைச் சாதித்ததென்று சொல்ல மாட்டேன். பதினைந்து ஆண்டுகள் கலையாமல் நின்ற தொழிலாளர்கள் இல்லையென்றால் பாட்டுக்கு ஏது பொருள்?

கேலியிலும் இடறல் உண்டு. போப்பால் விஷவாயுக் கொடுமையின் இருபதாம் நினைவு நாளான 2004 டிசம்பர் 3-ஆம் தேதி, "எஸ் மென்" என்ற அமெரிக்கக் குறும்புக்காரர்களில் ஒருவர், யூனியன் கார்பைடை வாங்கியிருந்த டவ் கெமிக்கலின் பேச்சாளராக நடித்து பிபிசி தொலைக்காட்சியில் தோன்றினார். பாதிக்கப்பட்டோருக்கு 12 பில்லியன் டாலர் தருவதாக அறிவித்தார்! கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. சில மணி நேரத்தில் குட்டு உடைந்தது. கம்பெனியின் மானம் போனது சரி. ஆனால் அதை நம்பிய போப்பால் ஏழைகளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? சோபியாவின் பாட்டில் இந்த வில்லங்கம் இல்லை. யாரையும் பொய்யாக நம்ப வைக்கவில்லை அது.

2018-இல் இரண்டாவது பாட்டு வந்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். இம்முறை வழக்கு மண்ணைப் பற்றியது: ஐரோப்பாவில் ஒரு அளவு, கொடைக்கானலில் ஒரு அளவா? நஞ்சை முழுதாக அகற்றுங்கள் என்று கேட்டார்கள். தொழிற்சாலை இருந்த மேட்டுக்குக் கீழேதான் பாம்பார் சோலைக்காடு இருக்கிறது.