நாங்கள் 'நாம்' ஆவது எவ்வாறு?

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கி நிற்கும். 'நாம்' என்பது அவரையும் உளப்படுத்தும். மலாய் மொழியிலும் 'காமி', 'கித்தா' என இவ்வேறுபாடு உண்டு. பகைகொண்ட இரு குழுக்கள் முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு எவ்வாறு வந்துசேர்கின்றன என்பதை இங்குக் காண்போம்.

1954ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், சமூக உளவியலாளர் முசாபர் ஷெரிப் தம் குழுவினருடன் ஓர் ஆய்வை நடத்தினார். ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 சிறுவர்கள் இரு அணிகளாகத் தங்கவைக்கப்பட்டனர். அனைவரும் ஏறத்தாழ 11 வயதினர்; ஒத்த குடும்பப் பின்னணியினர். பரிசுப் போட்டிகள் தொடங்கியதும் பகை மூண்டது. ஓர் அணியின் கொடியை மற்றோர் அணி எரித்தது, குடில்கள் சூறையாடப்பட்டன. பழம்பகை ஏதுமில்லாதவரிடையேயும் பகை விரைந்து வளரும் என்பது இதனால் புலனாகிறது.

அதனைத் தணிக்க, முதலில் இரு அணியினரையும் ஒன்றாக உண்ணவும் திரைப்படம் காணவும் வைத்தனர். பயன் விளையவில்லை, உணவு மேசையே சண்டைக்களமாயிற்று. பின்னர், இரு அணிக்கும் பொதுவான இடர்களை ஆய்வாளர்களே திட்டமிட்டு உருவாக்கினர். முகாமின் தண்ணீர் தடைப்பட்டது. அனைவரும் சேர்ந்து காரணம் தேடினர். உணவு வாங்கச் செல்லவிருந்த லாரி நகரவில்லை. முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே வடத்தைக் கட்டி, ஒரே பக்கம் நின்று இழுத்தனர். ஒருமுறை இணைந்ததால் மட்டும் பகை நீங்கிவிடவில்லை. இத்தகைய பணிகள் தொடரத் தொடரவே தணிந்தது. இறுதியில் பெரும்பாலோர் ஒரே பேருந்தில் வீடு திரும்ப விரும்பினர்.

இவ்வாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அச்சிறுவர்கள் தம்முள் நிகரானவர்கள். சமுதாயக் குழுக்கள் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலில் கார்டன் ஆல்போர்ட், குழுக்களிடையிலான தொடர்பு பயன்தருவதற்குச் சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, சட்டம் முதலியவற்றின் ஆதரவு ஆகியவை வேண்டுமென்றார். ஒரு தரப்பு ஏவ, மறுதரப்பு சுமக்கும் பணி கூட்டுப்பணி ஆகாது.

சிங்கப்பூரில் 1964 ஜூலை 21 அன்று மூண்ட இனக்கலவரத்தை நினைவில் இருத்தியே பள்ளிகள் அந்நாளில் இன நல்லிணக்க நாளைக் கடைப்பிடிக்கின்றன. பிறர் உடையை அணிவதும் உணவைச் சுவைப்பதும் நல்ல தொடக்கமே. அத்துடன், ஒவ்வொரு மாணவரிடமும் பிறருக்குத் தேவையான ஒரு பகுதி இருக்குமாறு ஆசிரியர்கள் வகுப்புப் பணிகளை ஆண்டு முழுவதும் பகிர்ந்தளிக்கலாம். பணி முடிந்தபின் மாணவர்கள் எம்மொழியில் பேசினாலும், தன்மைப் பன்மைக்குள் யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்று செவிகொடுப்போம். நம் முயற்சி பலித்ததா என்பதை அச்சொல்லே நமக்கு உணர்த்தும்.